எங்கள் தெருப் பிள்ளைகளைக் கைவிடாதவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

என் மகன் எட்டாம் வகுப்பு முடித்து ஊர் நடுநிலைப் பள்ளியை விட்டு வெளியே போகிறான். மகள் பட்டப்படிப்பின் கடைசித் தேர்வை எழுதிவிட்டாள். நானும் என் வீட்டுக்காரரும் தறியில் உட்கார்ந்ததால் மட்டும் இது நடக்கவில்லை என்பது தெருவுக்கே தெரியும். கொரோனாவால் பள்ளி மூடிக்கிடந்த காலத்தில் கைகொடுத்தவர்களுக்கு இப்போதாவது நன்றி சொல்ல வேண்டும். பெயர் போடவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது மகன் இரண்டாம் வகுப்பு. 2021 நவம்பர் 1ஆம் தேதி சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தபோது அவன் நான்காம் வகுப்பு. நடுவில் மூன்றாம் வகுப்பு என்று ஒன்று ஏட்டில்தான் இருந்தது. ஆரணிப் பக்கம் பட்டு நெய்கிறவர்கள் பாடு அந்த நேரத்தில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. கல்யாணம் இல்லை, சேலை போகவில்லை, முதலாளியிடமிருந்து தறியில் ஏற்றுகிற பாவு நூல் வரவில்லை. வீட்டில் இருந்தது ஒரே செல்போன். அதுவும் என் வீட்டுக்காரர் வேலை தேடிப் போனால் அவரோடு போய்விடும். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, பாடமும் நன்றாகவே எடுத்தார்கள். ஆனால் புரியாத பிள்ளை கை தூக்கினால் டிவிக்குத் தெரியாதே.

முனைக்கடை அண்ணாச்சி, மாதக் கணக்கில் கடனுக்கு ரீசார்ஜ் போட்டீர்கள். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பாக்கியைக் கொடுக்க வந்தபோதும் பாதியைத் தள்ளிவிட்டு, "பொண்ணு படிக்கட்டும்" என்றீர்கள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர், உங்களைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் பாடத்தை அனுப்பிவிட்டு நீங்கள் சும்மா இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பாதிப் பிள்ளைகள் வீட்டில் போனே இல்லை என்று தெரிந்ததும், கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த தாள்களை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வந்தீர்கள். வந்ததும் நோட்டைக் கேட்க மாட்டீர்கள். "சாப்பிட்டியாடா? யார்கூட விளையாடுற?" இதுதான் முதல் கேள்வி.

அந்த இரண்டாவது கேள்விக்கு என் மகனிடம் பதில் இல்லாமல் போனதை முதலில் கவனித்தது நீங்கள்தான். நாங்கள் வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வீட்டுக்கு யாராவது வந்தால், பாவு இல்லாமல் காலியாகக் கிடந்த தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வான். இரவில் தூங்காமல் புரளுவான், போனைப் பிடுங்கினால் கத்துவான். சேட்டை என்று நினைத்து நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். நீங்கள் மட்டும், "இவனுக்குப் பாடத்தைவிட இப்போ கூட்டாளிதான் வேணும்" என்று சொல்லி, அடுத்த தெருவில் அவனோடு படித்த இரண்டு பையன்களை எங்கள் திண்ணைக்கே அழைத்துவந்து, தள்ளித்தள்ளி உட்காரவைத்துக் கதை சொன்னீர்கள். முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த அந்தக் கதைக்குத்தான் அவன் பல நாள் கழித்துச் சிரித்தான்.

போன் இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் நான் சொல்ல மாட்டேன். என் நாத்தனார் மகன் டவுனில் பெரிய பள்ளியில் படித்தான். தனி போன், தினமும் ஆன்லைன் வகுப்பு. பெயரைக் கூப்பிட்டதும் "பிரசன்ட் மிஸ்" என்பான், கேமராவை அணைத்துவிட்டு கேமுக்குள் போய்விடுவான். அவனுக்கும் நாலு பேர் முன்னால் வாய்திறக்கப் பழைய தைரியம் வர வெகுநாள் ஆனது.

மகள் கதை வேறு. 2021இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை, எல்லாரும் தேர்ச்சி. ஊரே கொடுத்துவைத்த பிள்ளைகள் என்றது. அவளோ, "நான் பாஸா, இல்ல கொரோனா பாஸா?" என்று கேட்டு அழுதாள். பிளஸ் ஒன் போனபோது ஒரு பக்கம் எழுதுவதற்குள் கை வலித்தது. வாழ்க்கையில் அவள் எழுதிய முதல் பொதுத்தேர்வு 2022 மே மாதம்தான். அதற்கு முன்னால் சனிக்கிழமைகளில் வரவழைத்து, மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதப் பழக்கிய கணக்கு சாருக்கும் தமிழம்மாவுக்கும் என் நன்றி. தோற்றாலும் ஒன்றும் ஆகாது என்று அந்தப் பெண்களுக்கு நேராகச் சொன்னீர்களே ஐயா, அதற்குத் தனி நன்றி.

அவள் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு, பள்ளிதான் இல்லையே என்று கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் போன் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அந்தக் கல்யாணம் நின்றது, அவளும் பிளஸ் டூ முடித்தாள். நன்றிம்மா.

அடுத்தது எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த தங்கச்சிக்கு. பி.எஸ்சி. படித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாய். 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலமைச்சர் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கிவைத்தார், பள்ளி முடிந்ததும் தன்னார்வலர்கள் தெருவிலேயே பாடம் சொல்லித்தருகிற திட்டம். கொஞ்ச நாளில் நம் கோவில் மண்டபத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு உன் குரல் கேட்க ஆரம்பித்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அதிலும் பாதி வண்ணப் பென்சிலுக்கும் சார்ட்டுக்கும் போனதைப் பார்த்தேன். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே தடுமாறிப் படித்த நாலாம் வகுப்புப் பையனை யாரும் கேலி செய்யாதபடி, எல்லாரையும் கலந்து உட்காரவைத்துப் பாட்டும் விளையாட்டுமாகக் கொண்டுபோனாய். கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கைப் புளியங்கொட்டையை வைத்தே புரியவைத்தாய். நெசவுக்கார வீட்டில் இழை எண்ணத் தெரியும், கழித்தல் சொல்லித்தர யாருக்கும் நேரம் இல்லை.

இந்த இடத்தில் உன் மாமியாருக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். "நீ போம்மா, உலையை நான் பார்த்துக்கிறேன்" என்று தினமும் உன்னை அனுப்பிவைத்தவர் அவர். இந்தத் திட்டத்தைப் பாராட்டுகிற எவரும் மாமியார்களைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வை மகள் எனக்குப் படித்துச் சொன்னாள். 2021 டிசம்பரில் சோதித்தபோது, 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் மிகவும் பின்தங்கியிருந்தார்களாம். மொழியைவிடக் கணக்கில்தான் அடி அதிகம். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்புகளால் வந்தது. தங்கச்சி, அந்தக் கால் பங்கில் உன் மண்டபமும் சேர்த்தி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். மூன்றில் ஈடாகாத மிச்ச ஒரு பங்கும் எனக்கு உறுத்துகிறது. தறிக்குத் தார் நூல் சுற்றப் போய் அப்படியே வேலைக்காரர்களாகிவிட்ட பையன்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பிள்ளைகள் விட்டதைப் பிடித்துவிட்டார்கள், எல்லாம் சரியாகிவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு நடை வந்து பார்க்கலாம்.

சத்துணவு அக்காவையும் விட முடியாது. பள்ளி மூடியிருந்தபோது அரிசி பருப்பு கொடுக்கிற நாளில், வராத வீடுகளுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டீர்கள். எங்கள் அடுப்பு எரிந்ததில் அந்தப் பருப்புக்கும் பங்கு உண்டு.

டீச்சர், நீங்கள் எழுதிக்கொடுத்த தாள்களை மகள் துளை போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். இப்போது மூன்றாம் வகுப்பு எடுக்கிறவர்களுக்குப் பயன்படும் என்றால் பள்ளியில் கொடுத்துவிடுகிறோம், சொல்லி அனுப்புங்கள். மண்டபத்துக் கரும்பலகை வெளுத்துப்போய்விட்டது. அதற்குப் புதுசாகப் பூச ஆகும் செலவை நாங்கள் இரண்டு குடும்பம் சேர்ந்து ஏற்றுக்கொண்டோம். வேறு யாராவது சேர விரும்பினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் முனைக்கடை அண்ணாச்சியிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பட்டுத் தறிக்காரர் வீட்டம்மா,
ஆரணி வட்டம்