போர்ட்டோவுக்கு அரை நாள் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகரைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். நகரின் இரும்புப் பாலத்தைக் கட்டியவர் பாரிஸ் கோபுரத்தின் ஈபிள் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. லிஸ்பனில் தங்குபவர்கள் அரை நாளில் போர்ட்டோவைப் பார்த்துத் திரும்பிவிடலாம் என்றும், நமக்கு ஏற்ற உணவு அங்கே கிடைக்காது என்பதால் கையோடு கட்டிக்கொண்டு போவது நல்லது என்றும் கட்டுரை முடிந்திருந்தது. நெடுஞ்சாலைப் பணியில் முப்பது ஆண்டுகள் பாலங்களோடு கழித்து ஓய்வு பெற்றவன் நான். கடந்த ஜூன் மாதம் மனைவியுடன் போர்ட்டோவில் ஐந்து நாட்கள் தங்கிவிட்டு வந்ததால், இக்கருத்துகளை மறுத்து எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பாலம். டோரோ ஆற்றின்மேல் 1886-இல் திறக்கப்பட்ட முதலாம் லூயிஸ் பாலத்தை வடிவமைத்தவர் தியோஃபில் செய்ரிக் என்னும் பொறியாளர். அவர் ஒரு காலத்தில் ஈபிளின் தொழில் பங்காளியாக இருந்தவர். பின்னர் பிரிந்து, பெல்ஜிய நிறுவனம் ஒன்றின் சார்பில் இந்தப் பாலத்துக்கான போட்டியில் வென்றார். ஈபிளின் நிறுவனம் கட்டியது, ஆற்றில் சற்று மேலே 1877-இல் எழுந்த மரியா பியா ரயில் பாலம். அதன் வடிவமைப்பிலும் செய்ரிக்குக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டும் இரும்பு வளைவுகளே என்பதால் குழப்பம் நேர்வது இயல்புதான். ஆனாலும், 172 மீட்டர் அகலத்தை ஒரே வளைவால் தாண்டி, அந்த வளைவின் மேலும் கீழுமாக இரண்டு தளங்களைத் தாங்கச் செய்த மனிதரின் பெயர், புகழ் மிகுந்த இன்னொருவர் பெயருக்குள் மறைந்து போவது என்னைப் போன்றவர்களுக்கு மன வருத்தம் தருகிறது.

ஏன் ஒரே வளைவு என்பதை ஆற்றங்கரையில் நின்று பார்த்தால்தான் உணர முடியும். அங்கே டோரோ செங்குத்தான பாறைக் கரைகளுக்கு நடுவே ஆழமாக ஓடுகிறது. மழைக்காலத்தில் நீரின் வேகம் மிக அதிகம். அத்தகைய ஆற்றின் நடுவே தூண் நிறுத்துவது அக்காலத்தில் எளிதல்ல. அதற்கு முன்பு படகுகளைப் பிணைத்து அமைத்த மிதவைப் பாலமும் அவ்விடத்தில் இருந்திருக்கிறது. 1809 மார்ச் 29 அன்று, நெப்போலியனின் படை நகருக்குள் நுழைந்தபோது, உயிருக்கு அஞ்சி ஓடிய மக்கள் கூட்டம் ஒரே நேரத்தில் அதன்மேல் ஏறியதில் பாலம் நிலைகுலைந்து, பெருந்தொகையானோர் ஆற்றில் மூழ்கி இறந்தனர். ரிபெய்ரா என்னும் ஆற்றங்கரைப் பகுதியில், அந்தத் துயரத்தைச் சித்திரிக்கும் வெண்கலப் பலகை ஒன்று சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. அதன் முன்னே மக்கள் இன்றும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நாங்கள் சென்ற மாலையிலும் சில சுடர்கள் எரிந்துகொண்டிருந்தன. அதே நேரத்தில் கோவையிலிருந்து வந்த சுற்றுலாக் குழு ஒன்று பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது நாற்பது நிமிடங்கள். இவ்வளவு தூரம் வந்தவர்களை அந்தப் பலகைவரை அழைத்துப் போக யாரும் இல்லையே என்று இருந்தது.

அரை நாள் என்ற கணக்கு எப்படி வந்தது என்றே தெரியவில்லை. லிஸ்பனிலிருந்து விரைவு ரயிலில் ஒரு வழிக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகிறது. கம்பன்யா நிலையத்தில் இறங்கி, நகர்ப்புற ரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் சாவ் பெந்தோ நிலையம். அதன் முன்கூடத்தில் ஜோர்ஜ் கொலாசோ தீட்டிய சுமார் 20,000 ஓவிய ஓடுகள் சுவர் முழுவதும் நிறைந்திருக்கின்றன. போர்களும் அரசர்களும் பெரிய ஓவியங்களில். அவற்றுக்கிடையே அறுவடை, திராட்சைப் பறிப்பு, சந்தை என உழைக்கும் மக்களின் வாழ்க்கை. அந்தக் கூடத்துக்கு மட்டுமே ஒரு மணி நேரம் வேண்டும். கிளெரிகுஸ் கோபுரம், புத்தகக் கடை முதலியவற்றைத் தங்கள் கட்டுரையே சொல்லிவிட்டதால் விட்டுவிடுகிறேன். பாலத்தின் மேல்தளத்தில் 2005 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. அதையொட்டி நடந்து எதிர்க்கரையிலுள்ள காயா நகரை அடையலாம். போர்ட்டோவின் பெயரைத் தாங்கிய ஒயின் முதிர்வது போர்ட்டோவில் அல்ல, அந்தக் காயாவின் கிடங்குகளில்தான். மேல் டோரோ மலைச்சரிவுகளில் விளையும் திராட்சையின் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதிப்பை நிறுத்துவதால் அதன் இனிப்பு தங்கிவிடுகிறது. பீப்பாய்களை ஆற்றுவழியே கொண்டுவந்த ரபேலு என்னும் தட்டையான படகுகள், ரயில் வந்து, பின்னர் அணைகளும் கட்டப்பட்ட பிறகு வேலையிழந்து, இன்று காயா கரையில் அழகுக்காக நிற்கின்றன.

இனி உணவு. போர்ட்டோ மக்களை நாட்டின் மற்றப் பகுதியினர் ‘திரிபெய்ரோ’ என்று அழைப்பார்கள். குடல் தின்பவர்கள் என்று பொருள். அவர்களும் அப்பெயரைப் பெருமையோடுதான் சொல்லிக்கொள்கிறார்கள். போர்ட்டோவில் பிறந்த இளவரசர் ஹென்றி, 1415-இல் வட ஆப்பிரிக்காவின் செயூத்தாவை நோக்கிக் கப்பல்களைத் திரட்டியபோது, நகர மக்கள் நல்ல இறைச்சியை எல்லாம் உப்பிட்டுக் கப்பலில் ஏற்றிவிட்டு, தங்களுக்குக் குடலையும் இரைப்பையையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. வெள்ளை மொச்சை போன்ற பயறு, கேரட், உப்புக்கண்டத் துண்டுகளுடன் மெதுவாக வேகவைத்து, சோற்றோடு பரிமாறும் அந்த உணவைச் சிறிய உணவகம் ஒன்றில் உண்டேன். மாட்டு இரைப்பை என்பதால் உண்ணாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குடல் குழம்பு உண்டு பழகியவருக்கு அதன் பதம் அந்நியமாக இராது. காரம் மட்டும் குறைவு.

மீனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பக்கல்யாவ் என்பது உப்பிட்டு உலர்த்திய காட் மீன். கருவாடு என்றால் நம் வாசகர்களுக்கு உடனே விளங்கும். அந்த மீன் போர்ச்சுகல் கடலில் கிடைப்பதில்லை, வடக்கே குளிர்ந்த கடல்களிலிருந்து வருவது. ஒரு நாளுக்கு மேல் ஊறவைத்து, பலமுறை நீரை மாற்றி, உப்பை இறக்கிய பிறகே சமைக்கிறார்கள். போர்ட்டோவைச் சேர்ந்த கோமஸ் டி சா பெயரால் வழங்கும் முறையில் அதனை உருளைக்கிழங்கு, வெங்காயம், ஆலிவ் எண்ணெய் சேர்த்து அடுப்பில் வாட்டி, அவித்த முட்டையும் கறுப்பு ஆலிவும் மேலே வைத்துத் தருகிறார்கள். ஐந்து நாளில் மூன்று முறை அதையே உண்டேன்.

என் மனைவி சைவம். அவர் பட்டினி கிடக்கவில்லை என்பதைத் தங்கள் கட்டுரையாளருக்குத் தெரிவிக்க விரும்புகிறேன். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்பதை ‘செம் கார்ன், செம் பெய்ஷ்’ என்று சொல்லக் கற்றுக்கொண்டார். நூலாக அரிந்த கீரையும் மசித்த உருளைக்கிழங்கும் சேர்ந்த கால்டு வெர்டே சூப்பில் பல கடைகளில் கடைசியில்தான் இறைச்சித் துண்டைப் போடுகிறார்கள். கொதிநீரிலும் இறைச்சி சேராத கடையாகக் கேட்டு, துண்டு இல்லாமல் வாங்கினார். அதனுடன் மக்காச்சோள ரொட்டியும் பாலாடைக்கட்டியும், 2022-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட பொல்யாவ் சந்தையில் வாங்கிய பழங்களும், மேலே இலவங்கப்பட்டைப் பொடி தூவிய அரிசிப் பாயசமும் போதுமாக இருந்தன. முட்டை சேர்ப்பார்கள் என்பதால் இனிப்புகளையும் விசாரித்தே உண்ண வேண்டும். கேட்காமலே மேசையில் வைக்கப்படும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும், தொட்டால் பணம் உண்டு. வேண்டாமென்றால் எடுத்துச் செல்லச் சொல்லலாம். ஒரு முழு அளவு பல கடைகளில் இருவருக்குப் போதும். ‘மெய்யா டோஸ்’ என்று பாதி அளவும் கேட்கலாம்.

ஜூன் 23 இரவு, புனித யோவான் திருவிழாவுக்கும் நாங்கள் அங்கே இருந்தோம். வீட்டுவாசல்தோறும் கரி அடுப்பில் மத்தி மீன் வாட்டும் புகை. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பிளாஸ்டிக் சுத்தியலால் ஒருவர் தலையில் ஒருவர் மெல்லத் தட்டி வாழ்த்துகிறார்கள். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் என் தலையிலும் தட்டிவிட்டு, தன் அடுப்பிலிருந்து ஒரு மத்தியை ரொட்டித் துண்டின்மேல் வைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. நள்ளிரவில் டோரோவின்மேல் வாணவேடிக்கை தொடங்கியபோது அவருடைய வாசலில்தான் நின்றிருந்தோம்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் பாலத்தைப் பற்றிய திருத்தத்தை, செய்ரிக்கின் பெயரோடு வெளியிட வேண்டுகிறேன். போர்ட்டோவுக்குக் குறைந்தது மூன்று இரவுகள் ஒதுக்குமாறு வாசகர்களுக்குச் சொல்ல ஓரிரு வரிகளுக்கும் அத்துடன் இடம் தர வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி