கரண்ட் பில்லை மொதல்ல படிங்க மொதலாளி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

நான் ஈரோட்டுல கட்டடங்களுக்கு எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பாக்கறவன். ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, காம்ப்ளக்ஸ்னு இருபத்தஞ்சு வருசமா இதே வேலைதான். 2022 செப்டம்பர்ல கரண்ட் ரேட் ஏறுச்சு, அப்பறம் 2023, 2024, 2025னு மூணு வருசமும் ஜூலை வந்தா கடைகளுக்கு ஏத்தீட்டாங்க, அதுக்கு மொதலாளிங்க கோவப்படறது நாயந்தானுங்க. ஆனா அந்த பில்லை கையில எடுத்து மேல இருந்து கீழ வரைக்கும் படிச்ச மொதலாளி நான் பாத்தவரைக்கும் பத்துப் பேரு கூட இல்லீங்க. கடைசில இருக்கற தொகைய மட்டும் பாத்துட்டு கணக்குப்புள்ளகிட்ட குடுத்து கட்டச் சொல்லீர்றாங்க. மனசு பொறுக்காமத்தான் எழுதறேன்.

ஒரு ஜவுளிக்கடைக்கு போன வருசம் போனேன், பெரிய கடை, ஹெச்டி சர்வீஸ், அதாவது பெரிய எடங்களுக்குக் குடுக்கற உயர் அழுத்த கனெக்சன். ஆரம்பிக்கறப்பவே இன்னும் ரெண்டு மாடி கட்டுவோம்னு நெனச்சு 250 கேவிஏ டிமாண்ட் வாங்கி வச்சுட்டாங்க, மாடி கட்டவே இல்ல. டிமாண்டுங்கறது ஒரே சமயத்துல இவ்வளவு வரைக்கும் கரண்ட் இழுத்துக்கறோம்னு வாரியத்துகிட்ட எழுதி வாங்கற அளவு, அத கேவிஏல சொல்லுவாங்க. நான் பன்னண்டு மாச பில்லையும் எடுத்து தரைல பரப்பி வச்சு பாத்தா, சித்திரை வெயில்ல எல்லா ஏசியும் ஓடுன மாசத்துல கூட மீட்டர் காட்டுன உச்சம் 140 தானுங்க. ஆனா ஹெச்டில விதி என்னன்னா, வாங்குன டிமாண்டுல 90% இல்லைன்னா நெசமா ஓடுனது, இதுல எது அதிகமோ அதுக்குத்தான் பணம். அப்ப 225 கேவிஏக்கு மாசாமாசம் கட்டீட்டு இருந்திருக்காங்க. டிமாண்ட் சார்ஜ் இப்ப கேவிஏக்கு 500 ரூபாய்க்கு மேல, சும்மா 500னே வச்சுக்கோங்க. 160க்கு கொறைக்கச் சொல்லி எழுதிக் குடுத்தோம், 90% போட்டா 144, மிச்சம் 81 கேவிஏ, மாசம் 40,500 ரூபாய். ஒரு பல்பு கூட மாத்தல, ஒரு ஏசிய கூட நிறுத்தல! அந்த மொதலாளி சித்த நேரம் பேசவே இல்லீங்க, இத்தன வருசமா கட்டுனத மனசுல கூட்டிப் பாத்திருப்பாரு.

அதுக்காக ஒரேயடியா கொறைச்சுறவும் கூடாது. தாண்டுனா அபராதம் விழும், மறுபடி ஏத்தோணும்னா அதுக்கு தனியா காசு கட்டோணும். கோடை மாசத்தையும் தீபாவளி மாசத்தையும் சேத்திப் பாத்துட்டுத்தான் எழுதிக் குடுக்கோணும்.

இன்னொண்ணு பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கற கரண்டுல எவ்வளவு பங்கு நெசமா வேலைக்கு ஆகுதுங்கற அளவு, 1க்கு கிட்ட இருந்தா நல்லது. ஹெச்டில 0.90க்கு கீழ போனா ஒவ்வொரு 0.01க்கும் யூனிட் சார்ஜ்ல கொறஞ்சது 1% சேத்திப் போடுவாங்க. கரண்ட் பேனல்ல இத சரியா வெக்கற கெப்பாசிட்டர் உப்பி வெடிச்சுக் கெடக்கும், ஆனா லைட் எரியும், லிஃப்ட் ஓடும், அதனால யாருக்கும் தெரியாது, பில்லு மட்டும் ஏறீட்டே இருக்கும். ஒரே 119 கிலோவாட் லோடு பவர் ஃபேக்டர் 0.85ல இருந்தா 140 கேவிஏ காட்டும், 0.98ல 121தான் காட்டும். மாசம் ஒருக்கா பேனலத் தொறந்து பாக்க அரை மணி நேரம் போதுமுங்க.

பொழுதோட கடை சாத்தறப்ப மீட்டர் ரீடிங்க ஒரு நோட்டுல எழுதுங்க, வெடியால தொறக்கறப்ப ஒருக்கா எழுதுங்க. ஆள் இல்லாத நேரத்துல எத்தன யூனிட் போகுதுன்னு தெரிஞ்சுரும். ஒரு காம்ப்ளக்ஸ்ல இப்படி எழுதப்போயி ராத்திரில 60 யூனிட் போறது தெரிஞ்சுது, தேடிப் பாத்தா மாடி டேங்க்ல ஃப்ளோட் வால்வு கெட்டுப்போயி தண்ணி வழிஞ்சுட்டே இருந்திருக்கு, மோட்டாரு ராத்திரி பூரா எறைச்சுட்டே இருந்திருக்கு. கரண்டும் போச்சு, காவேரித் தண்ணியும் போச்சு.

ஏசி பத்தி சொல்லாம இருக்க முடியாதுங்க. ஆடித்தள்ளுபடி சமயத்துல கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் போய்ப் பாருங்க, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆளையே தள்ளுது, பல்லடம் உடுமலைல கரண்ட் எடுக்கற காத்தாடி நிக்காம சுத்துது, ஆனா கடைக்கு முன்னாடி முழுசும் கண்ணாடி ஒட்டி, தொறக்கற மாதிரி ஒரு ஜன்னல் கூட வெக்காம, உள்ள 18ல ஏசி ஓடுது, வாசக்கதவு மட்டும் வாடிக்கையாளர் வரோணும்னு எந்நேரமும் தொறந்தே கெடக்கு. காசு குடுத்து குளுராக்குன காத்து ரோட்டுக்குப் போகுது. ஒரு டிகிரி ஏத்தி வெச்சா சுமாரா 6% மிச்சம்னு எரிசக்தி சிக்கன அமைப்பே சொல்லுது, அதனாலதான் 2020ல இருந்து ஸ்டார் போட்டு வர்ற ரூம் ஏசியெல்லாம் 24லயே ஸ்டார்ட் ஆகற மாதிரி வெச்சாங்க. நம்மாளுங்க ரிமோட்ட எடுத்து மறுபடி 18க்கு கொண்டு போயிர்றாங்க, சேலை எடுக்க வந்த பொம்பளைங்க முந்தானைய இழுத்துப் போத்தீட்டு உக்காந்திருக்காங்க.

ஃபேன் கணக்கும் சொல்லீர்றேன். பழைய ஃபேன் 75 வாட், கம்மி கரண்ட்ல ஓடற புது ரக பிஎல்டிசி ஃபேன் 28 வாட். 40 ஃபேன் தெனம் பத்து மணி நேரம், மாசம் 26 நாள் ஓடுனா 490 யூனிட் கிட்ட மிச்சம், யூனிட் 10 ரூபாய்னா 4,900. ஒரு ஃபேன் 3,000 ரூபாய்னாலும் ரெண்டு வருசத்துல போட்ட காசு வந்துரும். சோலார் போடறவங்களும் இதையெல்லாம் முடிச்சுட்டுப் போடுங்க, இல்லைன்னா வீணாப் போறதுக்கும் சேத்தி பேனல் வாங்கோணும்.

வாடகைக் கட்டடத்துலதான் பெரிய சிக்கல். பில்லு கட்டறது கடைக்காரரு, வயரும் ஃபேனும் ஓனரோடது. நம்ம மாத்துனா ஓனருக்குத்தான் லாபம்னு கடைக்காரரு மாத்தமாட்டாரு, பில்லு நம்ம கட்டலையேன்னு ஓனரும் மாத்தமாட்டாரு. அக்ரிமென்ட் போடறப்பவே மாத்தற செலவுல பாதிப்பாதின்னு ஒரு வரி எழுதீட்டா முடிஞ்சுது, எங்க ஊர்ல ரெண்டு எடத்துல அப்படி பேசி முடிச்சிருக்கோம்.

மின்வாரியத்துக்கு உங்க பத்திரிகை மூலமா ஒரே ஒரு வேண்டுகோளுங்க. ஹெச்டி பில்லுல, நீங்க வாங்குன டிமாண்ட் இவ்வளவு, ஓடுனது இவ்வளவு, ஓடாததுக்கு கட்டுனது இவ்வளவுன்னு தமிழ்ல மூணு வரி பெரிய எழுத்துல போடச் சொல்லுங்க. நீங்களும் வணிகப் பக்கத்துல ஒரு பில்லை படமாப் போட்டு எந்தக் கட்டத்துல என்ன இருக்குன்னு வெளக்குனா, நான் போற கடைல எல்லாம் வெட்டி மீட்டர் ரூம் கதவுல ஒட்டி வெப்பேன்.

இப்படிக்கு,
ஒரு எலக்ட்ரீசியன், ஈரோடு