பி0171 குறியீடு பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். செக் எஞ்சின் விளக்கு எரிகிறது என்று வண்டியைக் கொண்டுவருபவர்களில் பலர், வெளியில் ஸ்கேனர் (எஞ்சினின் கணினி பதிந்துவைத்த பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவி) போட்டுப் பார்த்துவிட்டு, "பி0171 வருகிறது, ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுங்கள்" என்று சொல்லிச் சாவியைத் தருகிறார்கள். நாங்கள் உடனே சென்சாரைக் கழற்றாமல், சோதித்துப் பார்க்க அவகாசம் கேட்பது ஏன் என்பதை விளக்கவே இந்த மடலை எழுதுகிறோம்.

பி0171 என்பது எந்த உதிரிபாகத்தையும் குறிக்கும் எண் அன்று. எஞ்சினின் முதல் வரிசைச் சிலிண்டர்களில் கலவை 'லீன்' ஆக இருக்கிறது, அதாவது காற்று மிகுந்திருக்கிறது அல்லது பெட்ரோல் குறைந்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. இரு வரிசை கொண்ட வி வடிவ எஞ்சின்களில் மற்ற வரிசைக்கு உரியது பி0174. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த விகிதம் பிசகுவதை, எக்ஸாஸ்ட் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் கண்டு சொன்னதும், எஞ்சினின் கணினி, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறையை ஈடுகட்டுகிறது. அந்தத் திருத்தத்தின் அளவைத்தான் ஃப்யூவல் ட்ரிம் என்கிறோம். அது 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. பல வண்டிகளில் 20, 25 சதவீதத்துக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டால்தான் விளக்கு எரிகிறது. ஆகவே, குறையைச் சரியாகக் கண்டு சொன்ன சென்சாரையே பழியாக்கி மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. புதிய சென்சாரும் சில நாளில் அதே குறையைத்தான் சொல்லும்.

நாங்கள் முதலில் பார்ப்பது, குறியீடு பதிவான தருணத்தில் எஞ்சின் என்ன சூட்டில், என்ன வேகத்தில், எவ்வளவு சுமையில் இருந்தது என்று கணினி சேமித்துவைத்த விவரத்தை. அடுத்து, எஞ்சினைச் சூடாக்கி, ஐடிலில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் நிலையில்) ஒரு முறையும் 2500 ஆர்பிஎம்மில் ஒரு முறையும் ட்ரிம்மைக் குறித்துக்கொள்கிறோம். ஐடிலில் மிகுந்திருந்து, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் இறங்கினால், எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று பொருள். எஞ்சின் இழுக்கும் காற்று பெருகும்போது அந்தச் சிறு கசிவின் பங்கு சிறுத்துவிடுகிறது. மாறாக, சுமை கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால், பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் குறைத்துக் கணக்குச் சொல்கிறது என்று சந்தேகிக்கிறோம்.

காற்றுக் கசிவைக் கண்ணால் தேடுவது எளிதன்று. ஒரு வண்டியில் எல்லா ஹோஸ்களும் மேலிருந்து பார்க்கப் புதிதுபோலவே இருந்தன. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் புகையைச் செலுத்தியபோதுதான், எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் பிசிவி ஹோஸின் வளைவில், அடிப்பக்கத்திலிருந்து நூலிழை போல வெண்புகை எழுந்தது. விரலால் அழுத்திப் பார்த்தால் ரப்பர் எண்ணெயில் ஊறிக் கொழகொழத்து, விரல் நகம் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. அந்த வண்டிக்கு அதற்கு முன்பே வேறிடத்தில் இரண்டு சென்சார்கள் மாற்றப்பட்டிருந்தன என்பதுதான் எங்களுக்கு வருத்தம். மேனிஃபோல்டு கேஸ்கெட், பிரேக் பூஸ்டர், பெட்ரோல் டாங்க் ஆவியை எஞ்சினுக்கு விடும், மூடாமல் நின்றுவிட்ட பர்ஜ் வால்வு ஆகியவையும் இப்படிக் காற்றை விடக்கூடியவையே.

மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய சூட்டுக் கம்பியில் தூசியும் எண்ணெய்ப் படலமும் படிந்திருந்தால், பெரும்பாலும் அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் கழுவினால் போதும். துணியாலோ பிரஷாலோ தொட்டால் கம்பி அறுந்துவிடக்கூடும். பெட்ரோல் அழுத்தத்தைக் கேஜ் போட்டு, எஞ்சினுக்குச் சுமை கொடுத்து அளக்க வேண்டும், ஏனெனில் தளர்ந்த பம்ப் ஐடிலில் சரியாகவே காட்டிவிடும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து, கலவை சரியாக இருக்கும்போதே லீன் என்று காட்டும். இத்தனையும் பார்த்த பிறகே சென்சாரைச் சோதிக்கிறோம். அது பழுதாகவே ஆகாது என்று நாங்கள் சொல்லவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருவதற்கு முன் குறியீட்டை அழிக்கவோ பேட்டரியைக் கழற்றவோ வேண்டாம். அழித்தால் விளக்கு அணைவதோடு, நாங்கள் முதலில் பார்க்க வேண்டிய பதிவும் சேர்ந்து போய்விடும். விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வரலாம். விட்டு விட்டு மின்னினால், சிலிண்டரில் எரியாத பெட்ரோல், எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும் என்பதால், எஞ்சினை நிறுத்திவிட்டு எங்களை அழையுங்கள்.

பழுது நீங்கியதும் வண்டியை ஓட்டி, ட்ரிம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கியதை உறுதி செய்துகொண்டே சாவியைத் தருவோம். முன்பிருந்த அளவையும் பிறகு வந்த அளவையும் பில்லிலேயே எழுதித் தருகிறோம். தவறாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பணிமனையினர்