பழைய ஹாம் ரேடியோவும் நகரும் அதிர்வெண்ணும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழுதுபார்க்க வரும் பழைய ஹாம் ரேடியோக்கள் (பொழுதுபோக்காக வானலையில் பேசுபவர்களின் பெட்டிகள்) பலவற்றின் மேல் ஒரே மாதிரிச் சீட்டு ஒட்டியிருக்கிறது: “டிரிஃப்ட் ஆகிறது, எல்லாக் கண்டென்சரையும் மாற்றிவிடுங்கள்.” டிரிஃப்ட் என்றால் அதிர்வெண் தானாக நகர்வது; கண்டென்சர் என்பது மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு பாகம். முதல் பாதியை நாங்கள் மறுக்கவில்லை. இரண்டாம் பாதியைத்தான் கேட்டவுடன் செய்வதில்லை. கடை வாசலில் நின்றபடி இதை விளக்கி முடியாது என்பதால் எழுதுகிறோம்.

முதலில், எவ்வளவு நகர்ந்தால் அது கோளாறு? 1970-களில் வந்த கென்வுட் டிஎஸ்-520 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சைப் போட்ட முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோஹெர்ட்ஸுக்குள், அதன்பின் எந்த அரை மணி நேரத்திலும் 100 ஹெர்ட்ஸுக்குள் என்பதுதான் அதைச் செய்தவர்கள் கொடுத்த உத்தரவாதம். அதாவது புதிதாக இருந்தபோதே அது நகர்ந்தது. சூடேறுவதற்கு முன் பேச ஆரம்பித்துவிட்டு, எதிரில் இருப்பவர் “உங்கள் குரல் வாத்து கத்துவதுபோல் இருக்கிறது” என்றதும் எங்களிடம் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. வால்வு (சூடேறி வேலை செய்யும் கண்ணாடிக் குழாய்) உள்ள பெட்டியை அரை மணி நேரமாவது எரியவிட்டுப் பேசுங்கள். பாதிப் பேருக்கு எங்கள் செலவே மிச்சம்.

இனி அந்தக் கண்டென்சர் விஷயம். டிஎஸ்-520-இன் விஎஃப்ஓ, அதாவது டயலைத் திருப்பினால் அதிர்வெண் மாறும் அலையாக்கி, 5 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகிறது. அந்த அதிர்வெண்ணைத் தீர்மானிப்பவை ஒரு காயிலும் (கம்பிச்சுருள்) அதோடு சேர்ந்த கண்டென்சர்களும். மொத்தக் கண்டென்சர் மதிப்பு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 30 பங்கு மாறினால், அதிர்வெண் அதில் பாதி, 15 பங்கு நகரும். 5 மெகாஹெர்ட்ஸில் அது டிகிரிக்கு 75 ஹெர்ட்ஸ். பெட்டிக்குள் பத்து டிகிரி கூடினால் 750 ஹெர்ட்ஸ். காயிலும் சூட்டில் விரிந்து அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும். இதைச் சமன் செய்யத்தான் அந்தக் காலப் பொறியாளர்கள் சூடேறினால் மதிப்பு குறையும் பாலிஸ்டைரீன் போன்ற கண்டென்சர்களைப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். அதைப் பிடுங்கிவிட்டு, “சூட்டில் மாறாது” என்று விற்கும் என்பிஓ வகைக் கண்டென்சரை எல்லா இடத்திலும் போட்டால் காயிலை எதிர்த்து இழுக்க ஆளில்லை. முன்பு 200 ஹெர்ட்ஸ் நகர்ந்த பெட்டி இப்போது அதைவிட மோசமாக நகரும். இப்படிப் ‘புதுப்பிக்கப்பட்டு’ எங்களிடம் வரும் பெட்டிகளில்தான் எங்கள் நேரம் அதிகம் போகிறது.

மெதுவாக ஒரே திசையில் நகர்வது வேறு, சட்டென்று தாவுவது வேறு. டயலைத் திருப்பும்போதோ மேசையைத் தட்டும்போதோ தாவினால் எங்கள் சந்தேகம் முதலில் போவது டயலோடு சுழலும் கேங் கண்டென்சரின் தண்டைத் தொட்டு நிற்கும் பித்தளை நாக்குகள் மேல். பழைய கிரீஸ் இறுகி, நாக்கு கறுத்து, பூமி இணைப்பு விட்டுவிட்டு வரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொஞ்சம், ஒரு மெல்லிய தூரிகை, பொறுமை, பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் தயவுசெய்து வீட்டில் கான்டாக்ட் ஸ்பிரேயை விஎஃப்ஓ பெட்டிக்குள் அடித்துவிடாதீர்கள். அந்தத் திரவங்களில் சில பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். மோர்ஸ் சாவியை அழுத்தும்போது மட்டும் சுருதி வழுக்கினால், விஎஃப்ஓவுக்குப் போகும் மின்னழுத்தம் நிலையாக இல்லை என்று பொருள். மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் செனர் டையோடையும் பவர் சப்ளையையும் பார்ப்போம். அப்புறம் கிளாரிஃபையர், அதாவது கேட்கும் அதிர்வெண்ணை மட்டும் சற்றே நகர்த்தும் குமிழ். அதை அணைத்ததும் ஆட்டம் நின்றால், குற்றவாளி அந்த வால்யூம் கன்ட்ரோல் போன்ற குமிழ்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். யேசூ எஃப்டி-101 ரேடியோவின் பேண்ட் (அலைவரிசை) சுவிட்சில் ஜேஜேஒய் என்று ஒரு நிலை இருக்கும். ஜப்பானின் அந்தச் சிற்றலை நேர ஒலிபரப்பு 2001-இலேயே நின்றுவிட்டது. ஆனால் அதே 10 மெகாஹெர்ட்ஸில் சீனாவின் பிபிஎம் நேர ஒலிபரப்பு இன்னும் இருக்கிறது. சிங்கப்பூரில் இரவில் பெரும்பாலும் காதில் விழும். சுமார் 1,000 ஹெர்ட்ஸ் விசில் கேட்கும்படி டயலை வைத்து, கைப்பேசியில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் ஏதாவது ஒரு செயலியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைத் தாளில் குறித்து வையுங்கள். மற்றப் பேண்டுகளுக்கு ரேடியோவிலேயே உள்ள கேலிபரேட்டர் (அதிர்வெண் தெரிந்த சமிக்ஞை தருவது) போதும். எல்லாப் பேண்டிலும் ஒரே அளவு நகர்ந்தால் விஎஃப்ஓவைத் திறப்போம். ஒரே ஒரு பேண்டில் மட்டும் என்றால் அந்தப் பேண்டின் அதிர்வெண்ணை நிலைநிறுத்தும் கிரிஸ்டலைப் பார்ப்போம். இந்தத் தாள் ஒன்று கையில் இருந்தால் எங்கள் வேலை வெகுவாகக் குறைகிறது, உங்கள் ரசீதும்தான்.

நம் ஊர் ஈரப்பதத்தையும் சொல்லியாக வேண்டும். ஏர்கான் அறையில் குளிர்ந்த பெட்டியை அணைத்து, சன்னலைத் திறந்துவிட்டால், உள்ளே உலோகத்தின் மேல் ஈரம் படியும். சேவைப் பால்கனியில் வைத்தால் கேட்கவே வேண்டாம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தனி அறை இல்லாதவர்கள், வாரம் ஒருமுறையாவது சற்று நேரம் பெட்டியை எரியவிடுங்கள். 1980-களின் கென்வுட் டிஎஸ்-440 வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை: விசிஓ (மின்னழுத்தத்தால் அதிர்வெண் மாறும் அலையாக்கி) பலகையில் அன்று பூசிய பசை காலப்போக்கில் மின்சாரம் கடத்தத் தொடங்கிவிடும். திரையில் எண்களுக்குப் பதில் புள்ளிகள் தெரிந்தால் அநேகமாக அதுதான். பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும்.

“எஃப்டி8-க்கு இந்தப் பழைய பெட்டி ஆகுமா?” என்று இளையவர்கள் கேட்கிறார்கள். எஃப்டி8 என்பது கணினி வழியாகக் குறுஞ்செய்திகளைத் தொனிகளாக அனுப்பும் முறை. ஆகும். அரை மணிக்கு 100 ஹெர்ட்ஸ் என்றால், 12.64 வினாடி ஒலிபரப்புக்குள் ஒரு ஹெர்ட்ஸ்கூட நகராது. தொனிகளுக்கிடையே இடைவெளி 6.25 ஹெர்ட்ஸ். ஆனால் தொடர்ந்து அனுப்பினால் வால்வுகள் கொதித்து விஎஃப்ஓவையும் சூடேற்றும். சக்தியைப் பாதியாகக் குறையுங்கள். இன்னும் திருப்தியில்லை என்றால் வெளி விஎஃப்ஓ சாக்கெட்டில் ஒரு டிஜிட்டல் ஆசிலேட்டரை மாட்டித் தருகிறோம். உள்ளே வெட்டி ஒட்டச் சொன்னால் மட்டும் மாட்டோம்.

வால்வுப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை வந்தால், உள்ளே சுமார் 600 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்கும், அணைத்த பிறகும் பெரிய கண்டென்சர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பெட்டியோடு மைக், மின்கம்பி, வெளி விஎஃப்ஓ இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். சோதனைக்காகப் பெட்டியைச் சில நாட்கள் தொடர்ந்து எரியவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்போம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
உங்கள் ரேடியோ பழுதுபார்ப்புக் கடை, சிங்கப்பூர்