லிஃபி ஆற்றங்கரையில் நீ எடுத்த போட்டோ

கண்ணம்மா,

நீ அனுப்பின போட்டோவை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் எலும்பும் தோலுமாக நடந்துபோகிற அந்த வெண்கல மனிதர்கள், ஒருவர் தோளில் துவண்டு கிடக்கிற உடம்பு, பின்னாலேயே வருகிற நாய். கீழே நீ "உருளைக்கிழங்கு நோயால் வந்த பஞ்சமாம்பா" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நோய் வந்தது உண்மை. 1845-ல் செடி கருகி, கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. ஆனால் பெல்ஜியத்திலும் ஹாலந்திலும்கூட அதே நோய் வந்ததம்மா. அயர்லாந்தில்தான் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேலே கப்பலேறிப் போனார்கள். நிலம் பிரபுக்களுடையது, குத்தகைக்காரன் விளைவித்த தானியமும் வளர்த்த பன்றியும் வாடகைக்கே போய்விடும், அவன் குடும்பம் தின்ன மிஞ்சியது கிழங்கு மட்டும்தான். அது அழுகின வருஷங்களிலும் ஓட்ஸும் வெண்ணெயும் மாடுகளும் கப்பலில் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.

1847 கோடையில் கஞ்சித்தொட்டி திறந்தார்கள், நம் பக்கம் தாது வருஷப் பஞ்சத்தில் திறந்தது மாதிரி. உச்சத்தில் ஒரு நாளைக்கு 30 லட்சம் பேருக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். முடியும் என்று தெரிந்துவிட்டது இல்லையா? அப்புறமும் சில மாதத்திலேயே மூடிவிட்டார்கள். அதோடு ஒரு சட்டம்: கால் ஏக்கருக்கு மேல், நம் கணக்கில் 25 சென்ட்டுக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு உதவி கிடையாது. பிள்ளைக்குக் கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை விட்டுவிடு என்று அர்த்தம். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

லண்டன் கருவூலத்தில் அந்த நிவாரணப் பணத்தைக் கையில் வைத்திருந்த அதிகாரி சார்லஸ் டிரெவெலியன். பஞ்சம் கடவுள் விட்ட வழி என்று எழுதினவர். ஜனங்கள் இன்னும் செத்துக்கொண்டிருந்த 1848-லேயே அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள். அதே மனிதர்தான் 1859-ல் நம் மெட்ராஸுக்குக் கவர்னராக வந்தார், சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் போட்டதுதான். ஜனங்கள் மேல் புது வரி போடக் கூடாது என்று மேலிடத்தோடு மோதி அடுத்த வருஷமே திரும்ப அழைக்கப்பட்டார். இங்கே அவருக்கு நல்ல பெயர். அதே ஆள் அங்கே ஏன் அப்படி இருந்தார் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

லீவில் மேற்குக் கடற்கரைப் பக்கம் போவதாகச் சொன்னாயே, மலைச்சரிவுகளைக் கவனி. புல்லுக்கு அடியில் பாத்தி கட்டின மாதிரி வரிவரியாகத் தெரியும், சாயங்கால வெயிலில் நன்றாகவே தெரியுமாம். அந்த ஜனங்கள் கிழங்கு போட்டுவிட்டுப் போன இடம், அதற்கப்புறம் யாரும் உழவில்லை. போட்டோ எடுத்து அனுப்பு.

அப்பா