சுகர் போர்டு எழுதுமுன்

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதம் வந்து இருபது நாளாச்சு. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். சரஸ்வதி அக்காவுக்கு மூட்டு வலி தேவலையா? நம் பாண்டிக்கு மாற்றல் கிடைத்துவிட்டதாமே, இனி அந்த ரயில்வே கேட் கதையை யாரிடம் சொல்லுவான்?

உன் சுகர் போர்டுக்கு, அதாவது எதில் எவ்வளவு சீனி என்று பள்ளியில் எழுதி மாட்டும் பலகைக்கு, வருகிறேன். கோலா படத்துக்குக் கீழே ‘10.6 கிராம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அது 100 மில்லிக்கு. பையன் குடிப்பது 600 மில்லி பாட்டில், 63.6 கிராம் சீனி. கணக்கு வாத்தியார் நீ, இதில் கோட்டை விடலாமா?

லேபிளில் உள்ள சதவீதத்தையும் அப்படியே எழுதாதே. நம் நாட்டு லேபிள் விதி, சேர்த்த சீனிக்கு நாளொன்றுக்கு 50 கிராம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. அதையும் முழுப் பாட்டிலுக்கு அல்ல, ஒரு பரிமாறலுக்கு, அதாவது ஒரு தடவை குடிக்கும் அளவுக்கு. அது 200 மில்லி என்றால் 42 சதவீதம் என்று வரும். பார்க்கிறவன், பாதிகூட ஆகவில்லையே என்று நிம்மதியாகக் குடிப்பான். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சீனியை நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொன்னது, 5 சதவீதம் இன்னும் நல்லது என்றது. இந்த ஐந்துதான் பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம். குழந்தைக்குக் கலோரித் தேவை குறைவு, சீனியும் அதற்கேற்பக் குறைய வேண்டும். 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் கலோரியில் 13 சதவீதம் சீனி என்று 2025 மே மாத சிபிஎஸ்இ சுற்றறிக்கையே சொல்கிறது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது இளங்கோ.

காலி பாட்டிலில் சீனியை நிரப்பிக் காட்டும் யோசனை வேண்டாம். 64 கிராம் அதில் எட்டில் ஒரு பங்குதான் நிற்கும், ‘இவ்வளவுதானா?’ என்பார்கள். டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் கொட்டு, பாதிக்கு மேல் வரும். பக்கத்து டம்ளரில் 25 கிராம் வை. தராசில் நிறுத்துப் போடு. தலைதட்டிய டீஸ்பூன் நாலு கிராம், குவித்து அள்ளினால் கணக்கு தப்பிவிடும். டம்ளர் ஈரமில்லாமல் இருக்கட்டும், வாயைப் பாலிதீனால் இறுக்கிக் கட்டு. இல்லாவிட்டால் மறுநாள் எறும்புதான் வகுப்பெடுக்கும்.

‘அவ்வளவு இனிக்கலையே சார்’ என்று ஒருவன் கட்டாயம் கேட்பான். புளிப்புக்குச் சேர்க்கும் அமிலமும் குளிர்ச்சியும் கேஸும் இனிப்பை அமுக்கி வைத்திருக்கின்றன. மூடியைத் திறந்து ஒரு ராத்திரி வெளியே வைத்துவிட்டு, காலையில் ஒரு வாய் கொடுத்துப் பார். திகட்டும்.

பழச்சாற்றையும் பலகையில் சேர். பழமாகத் தின்றால் அந்தச் சீனி உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வராது, பிழிந்தால் வரும். தேனும் நாட்டுச் சர்க்கரையும் அப்படியே. கேன்டீன் ரோஸ்மில்க்குக்கு லேபிள் கிடையாது, சிரப் பாட்டிலின் லேபிளைப் பார்த்து, ஒரு கிளாஸுக்கு எத்தனை மில்லி ஊற்றுகிறார்கள் என்று அளந்துகொள்.

டம்ளர் இரண்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பாண்டிக்கும் அனுப்பு. அவன் வீட்டு ஃபிரிட்ஜில் இரண்டு லிட்டர் பாட்டில் இல்லாத நாளே இல்லை, பையனுக்கு வயது பதினொன்று.

அன்புடன்,
செல்வம்