புலி பார்க்கப் போகும் மகனுக்கு

அன்பு மகன் இசக்கிமுத்துவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை.

டிசம்பர் விடுமுறையில் மத்தியப் பிரதேசத்துக் கன்ஹா புலிகள் காப்பகத்துக்குப் போவதாக மருமகள் சொன்னாள். கேட்டு மனம் நிறைந்தது. ஆனால் பேரன் போனில் "ஆச்சி, புலி, புலி" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். புலி வராவிட்டால் பிள்ளை அழுதுவிடுவான். 2022 கணக்கெடுப்பில் மத்தியப் பிரதேசத்தில்தான் நாட்டிலேயே அதிகமாக 785 புலிகள். அதற்காக நம் ஜீப் போகிற நேரம் பார்த்து அது வழியில் வந்து நிற்குமா?

அவனுக்குப் பாராசிங்கா மானைக் காட்டு. 1970-இல் அந்தக் காட்டில் 66 மட்டுமே மிஞ்சியிருந்தன. வேலி கட்டிக் காத்து, புல்வெளியைப் பெருகவிட்டுத்தான் இனத்தை மீட்டார்கள். அந்தப் புல்வெளிகள் பலவும் பைகா, கோண்டு பழங்குடி மக்களின் ஊர்கள் இருந்த இடம். அதையும் அவனிடம் சொல்ல வேண்டும். புள்ளிமானோ சாம்பல் மந்தியோ புலியைக் கண்டு எச்சரித்துக் கத்தினால் வழிகாட்டி வண்டியை நிறுத்துவார். அப்போது யாரும் பேசக் கூடாது. காசு கொடுத்து "இன்னும் கிட்டே போ" என்று ஓட்டுநரை நெருக்காதே, ஐயா. அது மட்டும் வேண்டாம்.

விடியற்காலை திறந்த வண்டியில் பல் கிட்டும் குளிர் இருக்கும், கம்பளி எடுத்துக்கொள். புதன்கிழமை பிற்பகல் சவாரி கிடையாது.

நம் களக்காடு முண்டந்துறை 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. இந்த மலையடியில் வளர்ந்த நீ ஒரு நாளாவது புலியைப் பார்த்திருக்கிறாயா? கன்ஹாவில் புல்வெளி, பார்வை தூரம் போகும். நம் மேல்மலை பசுமைமாறாக் காடு. பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாது. அந்த அடர்த்திதான் மழையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்லத் தாமிரபரணிக்கு விடுகிறது. நம் கார் நெல்லும் பிசான நெல்லும் அந்தத் தண்ணீரில் விளைந்தவை. உன் படிப்புச் செலவும் அதில்தான் வந்தது. வெடிபலா பழுக்கும் அந்தச் சோலைகளில் சிங்கவால் குரங்கு வாழ்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் அதற்கு வேறு காடு இல்லை. அதற்காகவே 1976-இல் களக்காட்டைச் சரணாலயம் ஆக்கினார்கள்.

இப்படிப்பட்ட ஆற்றில், பாபநாசம் படித்துறையில், பரிகாரம் என்று உடுத்திய துணியை அவிழ்த்து விட்டுப் போகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பேரனுக்கு இதையும் காட்ட வேண்டும்.

பொங்கலுக்கு இரண்டு நாள் கூடுதலாக லீவு சொல்லிவிட்டு வா. காரையாறு போய்ச் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டு, முண்டந்துறையையும் பார்த்து வருவோம். சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துக்கொள்ளலாம். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பையை விடமாட்டார்கள். ரயில் டிக்கெட் கிடைத்ததும் தேதியைச் சொல், அப்பா ஸ்டேஷனுக்கு வருவார்.

அன்புடன்,
அம்மா
அம்பாசமுத்திரம்